பத்திரத்தில் எழுத முடியாததை நோட்டீஸில் எழுதாதீர்கள்

தொண்டியில் இருந்து நரிப்பையூர் வரை நம் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் மனை போட்டு விற்கும் அதிபர்களுக்கும், அவர்களுக்கு ஆள் கூட்டித் தரும் தரகர் நண்பர்களுக்கும் வணக்கம்.

நான் ஆவண எழுத்தர். உங்களில் பலருக்கு என் மேசை தெரியும். நீங்கள் அழைத்து வருகிறவர்களுக்குக் கிரயப் பத்திரம் எழுதித்தான் என் வீட்டிலும் உலை கொதிக்கிறது. ஆகவே இதை மனைத் தொழிலே கூடாது என்று சொல்லும் ஆளின் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரச்சினை இதுதான்: வாங்கியவர் ஒரு கையில் உங்கள் நோட்டீஸும் மறு கையில் நான் எழுதிய பத்திரமுமாகத் திரும்பி வந்து, "அண்ணே, இதுல போட்டிருக்கிறது அதுல எங்க இருக்கு?" என்று கேட்கிறார். கேள்வி உங்களுக்கானது. நீங்கள் அடுத்த லேஅவுட்டுக்குப் போய்விட்டதால் என்னிடம் வந்து சேர்கிறது.

நோட்டீஸில் "கடல் பார்த்த வீட்டுமனை" என்று போடுகிறீர்கள். பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான் எழுதுவது என்ன? பதிவு மாவட்டம், சார்பதிவகம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு, நஞ்சையா புஞ்சையா நத்தமா என்ற வகைப்பாடு, பரப்பு, நான்கு பக்கத்து எல்லையைச் சொல்லும் செக்குபந்தி. கடல் அதில் எல்லையாகக்கூட வருவது அபூர்வம்; பெரும்பாலும் நடுவில் ஒரு புறம்போக்கு படுத்திருக்கும். கடலைப் பார்க்கும் உரிமையைக் கிரயம் செய்து தர யாராலும் முடியாது. முன்னால் இருக்கும் புறம்போக்கில் நாளைக்கு ஒரு மீன் ஏலக்கூடம் வந்தால் அதைத் தடுக்க அந்த மனைக்காரருக்கு எந்தப் பாத்தியமும் இல்லை.

சரி, பார்வையை விடுவோம். கட்டலாமா என்பதுதான் முக்கியம். சிஆர்இசட் என்ற கடலோர ஒழுங்குமுறை மண்டலம் 1991 முதல் இருக்கிறது. 2011 இலும் 2019 இலும் புது அறிவிக்கைகள் வந்தன. உயர் அலைக் கோட்டில் இருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை அதன் கைக்குள். நம் ஊர்களைப் போன்ற கிராமப்புறக் கடற்கரை மூன்றாம் வகையில் வரும். அதில் முதல் 200 மீட்டர் வளர்ச்சி தடைசெய்யப்பட்ட பகுதி. ஏற்கெனவே இருக்கிற வீட்டைச் சரிசெய்து கொள்ளலாமே தவிர வெளியூர்க்காரர் புதிதாகக் கடற்கரை பங்களா எழுப்ப முடியாது. 2019 அறிவிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் நெருக்கமாக வாழும் ஊர்களுக்கு மட்டும் அந்த 200 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்தது. அதுவும் அந்த அறிவிக்கைப்படி கடலோர மேலாண்மை வரைபடம் ஒப்புதல் ஆன பிறகுதான் பொருந்தும். உங்கள் ஆட்கள் சிலர் "ரூல்ஸ் மாறிடுச்சு, இனிமே 50 மீட்டர்தான்" என்று பொதுவாக அடித்து விடுகிறார்கள். எந்த ஊருக்கு, எந்த வரைபடத்தின்படி என்று கேட்டால் பதில் வருவதில்லை.

அளப்பதும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. வற்றம் இருக்கும் நேரத்தில் தண்ணீர் நிற்கும் இடத்தில் இருந்து செல்போன் வரைபடத்தில் கோடு இழுத்து, "ஐநூறைத் தாண்டியாச்சு" என்கிறார்கள். உயர் அலைக் கோடு என்பது அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் குறித்து, சர்வே எண் தெரியும் அளவுக்கு வரைபடத்தில் ஏற்றிய கோடு. பாக் நீரிணைப் பக்கம் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி போன்ற இடங்களில் கரை அவ்வளவு மட்டமாக இருப்பதால், வற்றத்தில் தெரியும் தண்ணீருக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் வெகுதூரம் சேறு கிடக்கும். அப்புறம், கழி என்று ஒன்று இருப்பதையே மறந்து விடுகிறார்கள். கடல் நீர் ஏறி இறங்கும் ஓடைகளுக்கும் முகத்துவாரங்களுக்கும் இரு கரையிலும் சிஆர்இசட் உண்டு. ஆற்றங்கரை என்ற ஊரில் வைகை கடலில் கலக்கும் இடத்தில் நிலம் வாங்குகிறவர் கடலில் இருந்து மட்டும் அளந்தால் போதாது.

மன்னார் வளைகுடாப் பக்கம் இன்னும் ஒரு படி கூடுதல். 1986 இல் 21 தீவுகளோடு கடல்சார் தேசியப் பூங்கா வந்தது, 1989 இல் உயிர்க்கோளக் காப்பகம். பவளப்பாறை, கடற்புல், அலையாத்தி, ஆமை முட்டையிடும் மணல், மணல் மேடு, இவையெல்லாம் சிஆர்இசட்டின் முதல் வகையில் வருகிறவை. சாயல்குடிக்குத் தெற்கே மணல் மேட்டை ஜேசிபி வைத்துச் சமன் செய்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, நாலு கல் ஊன்றி வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். மேடு இருந்தபோது அது என்ன வகை, சமன் செய்த பிறகு என்ன வகை என்று கேட்டால் "புஞ்சைதாண்ணே" என்பார்கள். பட்டாவில் புஞ்சை என்று இருக்கலாம். நிலத்துக்குப் பட்டா கொடுப்பது வருவாய்த்துறை. அங்கே கட்டிடம் வரலாமா என்பதைப் பார்ப்பது வேறு சட்டம். இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் ஆகாது. 200 முதல் 500 மீட்டருக்குள் வீடு கட்ட வழி இருக்கிறது, உயரத்துக்கு வரம்பு உண்டு, அனுமதி வாங்க வேண்டும். அதை அப்படியே சொல்லி விற்றால் வாங்க ஆள் இருக்கிறது. எதற்கு மறைக்க வேண்டும்?

"காலி இடம்" என்றும் போடுகிறீர்கள். எது காலி? கருவாடு காயப் போடும் களம், கரைவலை இழுக்கிறவர்கள் கால் ஊன்றி நிற்கும் இடம், வள்ளத்தை மழைக்காலத்தில் ஏற்றி வைக்கும் மேடு, பாசி எடுக்கப் போகும் பெண்கள் நடந்து நடந்து உண்டான தடம். இவை ஒரு வில்லங்கச் சான்றிலும் வராது. ஆனால் நீங்கள் சுற்றுச்சுவர் எழுப்பிய மறுநாள் ஊர்க்கூட்டம் கூடும். பாதைக்கான பாத்தியம் நீண்டகாலப் பயன்பாட்டாலும் உண்டாகும் என்று சட்டமே சொல்கிறது. வாங்கியவர் வெளியூரில் இருப்பார், வழக்கு அவர் பெயரில் நடக்கும். லேஅவுட் வரைபடம் போடும்போதே அந்தத் தடத்தைப் பொதுவழியாக விட்டால் உங்களுக்கு இரண்டு மனை குறையும், அவ்வளவுதான்.

அடுத்ததுதான் என்னைக் கடிதம் எழுத வைத்த விஷயம். "வெளிநாடு வாழ் சகோதரர்களுக்கு அரிய வாய்ப்பு, ஈசிஆர் அருகில் பண்ணை வீட்டு மனை, தென்னையும் மாவும் நட்டுத் தரப்படும்." கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி என்று வீட்டுக்கு ஓர் ஆள் வளைகுடாவில் இருக்கும் ஊர்களைக் குறிவைத்துத்தான் இந்த நோட்டீஸ் வருகிறது. துபாயில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் தம்பி ஒருவருக்கு, விடுமுறையில் வந்து வாங்க, பத்திரம் எழுதச் சொல்லிக் கூட்டி வந்தார் உங்களில் ஒருவர். சொத்து விவரத்தில் "புஞ்சை விவசாய நிலம்" என்று எழுதச் சொன்னார். நோட்டீஸில் வீட்டு மனை. பத்திரத்தில் விவசாய நிலம். ஏன் இந்த வித்தியாசம் என்று அந்தத் தம்பி கேட்டதற்கு, "அது சும்மா ஆபீஸ் நடைமுறை காக்கா" என்று பதில் வந்தது.

நடைமுறை இல்லை. அங்கீகாரம் இல்லாமல் விவசாய நிலத்தைத் துண்டு போட்டு மனை என்று பதிய 2016 அக்டோபர் 20 முதல் தடை இருக்கிறது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அதைத்தான் சொல்கிறது. அதைத் தாண்டத்தான் மனையை விவசாய நிலமாகவே எழுதுகிறீர்கள். பத்து சென்ட் விவசாய நிலத்தில் பண்ணை வீடு கட்ட வரைபட அனுமதி கேட்டுப் போகும்போதுதான் வாங்கியவருக்கு விஷயம் புரியும். வீட்டுக் கடன் கேட்டுப் போனாலும் வங்கி அதே பத்திரத்தைப் படித்துவிட்டுக் கையை விரிக்கும்.

வளைகுடாக்காரருக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வேலைக்காக வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகன் இங்கே வீடு வாங்கலாம், கடை வாங்கலாம், அங்கீகரித்த வீட்டுமனை வாங்கலாம். விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ வாங்கக் கூடாது. அன்னியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் விதி அது. வாப்பா வைத்துவிட்டுப் போன தென்னந்தோப்பு வாரிசாக வரலாம், அதில் தடை இல்லை. விலைக்கு வாங்கத்தான் முடியாது. மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. அந்தத் தம்பிக்கு இதைச் சொன்னேன், அவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார், உங்கள் ஆள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை. மனைவி பெயரில், தகப்பனார் பெயரில் வாங்குவது தனிக் கணக்கு; அதற்கு ஆடிட்டரையும் வழக்கறிஞரையும் பார்க்க வேண்டும். "வீட்டம்மா பேர்ல போட்டுடலாம்" என்று டீக்கடையில் முடிக்கிற காரியம் இல்லை அது.

வெளிநாட்டில் இருந்தபடியே பவர் அனுப்பி வாங்குகிறவர்களுக்கும் ஒன்று: அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று வரும் பவர் பத்திரத்துக்கு இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். பெட்டிக்குள் வைத்துவிட்டு ஒரு வருஷம் கழித்து எடுத்து வருகிறார்கள். விற்கிறவர் பக்கத்துப் பவரிலும் இதேபோல் கோளாறு உண்டு. பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்தப் பவரும் அதோடு முடிந்தது. அதனால்தான் பதிவின்போது அவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று கேட்கிறார்கள். அதோடு, பவரும் கிரய உடன்படிக்கையும் கையில் இருந்தாலே நிலம் சொந்தமாகிவிடாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும் என்று சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 இலேயே சொல்லிவிட்டது. "பவர் வாங்கிட்டோம், நிலம் நம்மளதுதான்" என்று சொல்லிக்கொண்டு இன்னும் மனை விற்கிறவர்கள் உங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

இனி "பட்டா உண்டு, வில்லங்கம் இல்லை, உடனடிப் பத்திரப்பதிவு" என்ற மூன்று வார்த்தைக்கு வருகிறேன். நோட்டீஸின் கீழே தடித்த எழுத்தில் இது இல்லாமல் இருக்காது. மூன்றும் சேர்ந்தால் உரிமை உறுதி என்றுதான் வாங்குகிறவர் நினைக்கிறார்.

பட்டா வருவாய்த்துறையின் பதிவு. அது மட்டும் உரிமையை உண்டாக்காது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. எந்தப் பட்டா என்றும் பார்க்க வேண்டும். ஏழு பெயர் உள்ள கூட்டுப் பட்டாவில் ஒரு பெயர்க்காரரிடம் கிரயம் வாங்கிவிட்டு "பட்டா உண்டு" என்று நோட்டீஸ் அடிக்கலாம், பொய் இல்லை. ஆனால் எந்த மூலை அவருடையது என்று பாகப்பிரிவினை ஆகாமல் யாருக்கும் தெரியாது. மீனவர் குடும்பங்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த வீட்டுமனைப் பட்டாக்களில் விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். அதன் ஒப்படை ஆணையைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் அட்வான்ஸ் கொடுப்பது வம்பு. இது சேதுபதிகளின் ஜமீனாக இருந்த பூமி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்கும் 1963 இனாம் ஒழிப்புச் சட்டங்களுக்கும் பிறகு நிலவரித் திட்டத்தில் யார் பெயர் ஏறியது, அங்கே இருந்துதான் கணக்குத் தொடங்க வேண்டும். பரணில் இருந்து எடுத்த சமஸ்தானத்துக் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டலாம். மூலப் பத்திரமாகக் காட்டக் கூடாது.

வில்லங்கச் சான்று பற்றி ஒரு மணி நேரம் பேசலாம். கேட்ட சர்வே எண்ணுக்கு, கேட்ட காலத்துக்கு, பதிவானதை மட்டும் சொல்வது அது. 1980களில் நில ஆவணங்களைப் புதுப்பித்த யுடிஆர் வேலையின்போது எண்ணும் உட்பிரிவும் மாறிய இடங்களில் புது எண்ணுக்கு மட்டும் இசி, அதாவது வில்லங்கச் சான்று, போட்டால், பழைய எண்ணில் கிடக்கும் அடமானம் கண்ணில் படாது. பதிவாகாமல் இருப்பதும் தெரியாது. இறந்தவரின் வாரிசுகள் யார் யார் என்பது தெரியாது, பெண் மக்களுக்கு உள்ள பங்கு தெரியாது, நடந்துகொண்டிருக்கும் வழக்கு பல நேரம் தெரியாது. நம் கடலோரத்தில் ஹிபா வழக்கம் உண்டு. முஸ்லிம் தனிச் சட்டப்படி வாய்மொழியாகக் கொடுத்து, பெற்றவர் ஏற்று, அனுபோகமும் கைமாறிவிட்டால் அந்தத் தானம் செல்லும். பதிவு கட்டாயம் இல்லை. பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கமுள்ள கீழக்கரையில் இப்படிக் கொடுத்த இடத்தை இசியில் தேடினால் "வில்லங்கம் இல்லை" என்றுதான் வரும். பக்கத்து வீட்டில் கேட்டால் ராத்தா ஒருவர் முழுக் கதையையும் சொல்லிவிடுவார்.

பதிவும் அப்படித்தான். சார்பதிவாளர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துவிட்டால் அரசாங்கமே உத்தரவாதம் கொடுத்தது போல் மக்கள் நினைக்கிறார்கள். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வது பதிவு அலுவலரின் வேலை இல்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே சொல்லி, நம் பதிவு விதிகளில் 55-ஏ விதியின் முதல் உட்பிரிவை ரத்து செய்தது. அரசு நிலம், கோயில் நிலம், வக்பு நிலம் போன்றவற்றுக்கு மறுக்கும் அதிகாரம் சட்டத்தில் உண்டு. மற்றபடி இல்லாத உரிமையை விற்றாலும் பத்திரம் பதிவாகலாம். "உடனடிப் பதிவு" என்பது ஒரு நற்சான்று இல்லை, அய்யா. டோக்கன் கிடைத்தது என்று அர்த்தம்.

அங்கீகாரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று தலைவர் கையெழுத்தோடு ஒரு வரைபடத்தைக் காட்டுவதை நிறுத்துங்கள். மனைப்பிரிவுக்கான தொழில்நுட்ப ஒப்புதல் டிடிசிபி என்ற நகர் ஊரமைப்புத் துறையில் இருந்து வர வேண்டும். உள்ளாட்சி அதன் பிறகுதான். திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள விவசாய நிலத்தை மனையாக்க 2017 இல் தனி விதிகள் வந்திருக்கின்றன. மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கு பொது இடம். 10,000 வரை அதற்குப் பதில் பணம் கட்டலாம், அதற்கு மேல் இடத்தையே விட வேண்டும். சாலையையும் அந்தப் பொது இடத்தையும் தானப் பத்திரம் போட்டு உள்ளாட்சிக்குக் கொடுத்தீர்களா? கொடுக்காமல் வைத்துக்கொண்டு நாலு வருஷம் கழித்துப் பூங்காவை "கார்னர் பிளாட்" என்று விற்ற கதைகளை நாம் இருவருமே கேட்டிருக்கிறோம்.

ரேரா என்ற மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் வேண்டும். பரப்பை வைத்துக் கிடைக்கும் விலக்கு 500 சதுர மீட்டர் வரைதான், அது 12 சென்ட்டுக்குச் சற்று மேல். உங்கள் லேஅவுட் எதுவும் அதற்குள் அடங்காது. பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது என்பது 2016 சட்டம். விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் இருக்க வேண்டும். தரகரும் பதிவு செய்திருக்க வேண்டும், இதைத் தரகர் தம்பிகள் கொஞ்சம் இரண்டு முறை படிக்கவும். விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்குவதென்றால் முதலில் உடன்படிக்கை எழுதிப் பதிய வேண்டும். மாதம் ஐயாயிரம் வீதம் மூன்று வருஷம் வாங்கிவிட்டு ஒரு மஞ்சள் அட்டையில் தேதி போட்டுக் கொடுப்பது உடன்படிக்கை ஆகாது. விளம்பரத்தை நம்பி வாங்கி நஷ்டப்பட்டவருக்கு நஷ்ட ஈடும் உண்டு. அதாவது உங்கள் நோட்டீஸ் வெறும் காகிதம் இல்லை, உங்களுக்கு எதிரான சாட்சி.

பணத்துக்கு வருவோம். "பத்திரச் செலவு இலவசம்" என்று பெரிதாகப் போடுகிறீர்கள். கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. இது எந்தத் தொகைக்கு? சென்ட் ஒன்றரை லட்சம் என்று ஐந்து சென்ட்டுக்கு ஏழரை லட்சம் வாங்குகிறீர்கள் என்று வைப்போம். வழிகாட்டி மதிப்பு சென்ட்டுக்கு ஐம்பதாயிரம். பத்திரத்தில் இரண்டரை லட்சம் போடச் சொல்கிறீர்கள். 9 சதவீதம் 22,500 ரூபாய். இதுதான் நீங்கள் கொடுக்கும் இலவசம். மீதி ஐந்து லட்சத்துக்கு வாங்கியவரிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. நாளைக்கு உரிமை சரியில்லை என்று வழக்குப் போட்டால் இரண்டரை லட்சத்துக்குத்தான் பேச முடியும். சில வருஷம் கழித்து அவர் பத்து லட்சத்துக்கு நேர்மையாக விற்றால், கணக்கில் லாபம் இரண்டரை லட்சமாக இருக்க வேண்டியது ஏழரை லட்சமாகிவிடும். 12.5 சதவீத வரி என்று பார்த்தால் 31,250 கட்ட வேண்டியவர் 93,750 கட்டுவார். 22,500 இலவசத்துக்கு இந்த விலை. வழிகாட்டி மதிப்பு என்பது அதற்குக் கீழே தீர்வை வாங்க மாட்டோம் என்று அரசு வைத்திருக்கும் அளவுகோல். உண்மை விலை அதைவிடக் கூடுதல் என்றால் உண்மை விலையைத்தான் எழுத வேண்டும். நான் சொன்னால் "நீங்க எழுதுற ஆளு, எழுதுங்க" என்கிறீர்கள்.

இன்னொன்று உங்கள் நன்மைக்காகவே. அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் ரொக்கத்தைக் கையில் வாங்கிய உங்களுக்கு. கொடுத்தவருக்கு இல்லை. பையில் கட்டு எண்ணும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

"வங்கிக் கடன் வசதி உண்டு" என்ற வரியையும் கொஞ்சம் அவிழ்த்துப் பார்ப்போம். காலி மனைக்குக் கொடுக்கும் கடனும் வீட்டுக் கடனும் ஒன்றில்லை. வட்டி, தவணைக் காலம், வரிச் சலுகை எல்லாம் வேறு. வீடு கட்டாத மனைக் கடனுக்கு வீட்டுக் கடனின் வரிச் சலுகை வராது. வீட்டுக் கடனிலேயே 30 லட்சம் வரையான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. மதிப்பு என்றால் நீங்கள் சொன்ன விலை இல்லை. வங்கியின் மதிப்பீட்டாளர் சொல்வதும் பத்திரத்தில் இருப்பதும்தான். இரண்டரை லட்சம் என்று பத்திரம் எழுதிவிட்டு ஏழு லட்சம் கடன் கிடைக்கும் என்று சொல்லாதீர்கள். வங்கி வழக்கறிஞரின் சட்டக் கருத்தும் வங்கிக்காக எழுதியது, வாங்குகிறவருக்கான கேடயம் இல்லை.

நீங்களே லேஅவுட் நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மனைக்கும் வங்கியின் விடுவிப்பு இல்லாமல் விற்றால், உங்கள் கடனுக்கு அவருடைய மனை பிணை. வாங்குகிறவர் கடன் வாங்கினால் மூலப் பத்திரத்தை ஒப்படைத்த அடமானம் பதிவாகி இசியில் ஏறும். கடன் முடிந்ததும் அதை நீக்கும் ரசீது ஆவணத்தையும் பதிய வேண்டும். முக்கால்வாசிப் பேர் அதை விட்டுவிட்டு, விற்கப் போகும்போது முழிக்கிறார்கள். முழுக் கடனும் கட்டி முடித்த 30 நாளுக்குள் வங்கி மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், தன் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. இதையும் உங்கள் நோட்டீஸில் போடலாமே, காசா பணமா.

அளவில் ஒரு சின்னக் குழப்பம். நோட்டீஸில் சதுர அடி, பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு ஏர்ஸ் ஏறக்குறைய 2.47 சென்ட், ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. பட்டாவில் 0.02.00 என்று இருந்தால் அது இரண்டு ஏர்ஸ், ஐந்து சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவுதான். குழியில் மட்டும் பேசாதீர்கள், அது ஊருக்கு ஊர் மாறும்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. நோட்டீஸில் கடலும் தென்னையும் விமான நிலையம் வரப்போகிறது என்ற பேச்சும் எடுத்துக்கொள்ளும் இடத்தில் பாதியைக் கொடுங்கள். கிராமம், உட்பிரிவோடு சர்வே எண், வகைப்பாடு, பட்டா யார் பெயரில், டிடிசிபி எண், ரேரா எண், உயர் அலைக் கோட்டில் இருந்து எத்தனை மீட்டர் என்பது எந்த வரைபடத்தின்படி, நிலத்தின் மேல் கடன் உண்டா, விற்பவர் சொந்தக்காரரா பவர் ஏஜென்டா. அட்வான்ஸ் வாங்கும் முன்பு மூலப் பத்திரம், எஃப்எம்பி என்ற புல அளவு வரைபடம், கிராம நிலக் கணக்கான அ பதிவேடு, பழைய எண் புது எண் இரண்டுக்கும் இசி, இவற்றின் நகலைக் கையில் கொடுத்து ஒரு வாரம் டைம் கொடுங்கள். அவர் வழக்கறிஞரிடம் காட்டட்டும், வளைகுடாவில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும், தலையாரியிடம் கேட்கட்டும். இதனால் விற்பனை கெடும் என்கிறீர்களா? ஒரு வாரம் காகிதத்தைப் படித்தால் கெட்டுப்போகும் விற்பனை என்றால் அந்தப் பத்திரத்தை எழுத என்னிடம் வர வேண்டாம்.

மற்றவர்களுக்கு ஒரு வசதி. அடுத்த நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்பு புரூஃபை எனக்குக் கொடுத்து அனுப்புங்கள். எழுத்துக்கூலி வேண்டாம். சொத்து விவரத்தில் ஏற்றக்கூடிய வரிகளை விட்டுவிட்டு மற்றதைச் சிவப்பு மையில் அடித்து, அன்று சாயங்காலமே திருப்பித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், ஆபீஸ் லீவு.

இப்படிக்கு,
கீழக்கரை வட்டாரத்து ஆவண எழுத்தர் ஒருவன்